பெயருக்கொரு பேனா: எழுதுகோல் போலிகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

நாணற் கலத்துக்குப் போலி இருந்ததில்லை. நீரோரத்தில் வெட்டி, உலர்த்தி, கத்தியால் நுனியைச் சீவி, நடுவில் ஒரு பிளவு கீறிக்கொண்டால் எழுதத் தொடங்கலாம். தேய்ந்தால் மீண்டும் சீவலாம். சீவச் சீவக் குட்டையாகிக் கைக்கு அடங்காமற் போனால் எறிந்துவிட்டு இன்னொன்றை வெட்டிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஒரு தண்டை வேறொருவர் பெயரில் செய்து விற்பதால் எவருக்கும் ஆதாயமில்லை. மதிப்பெல்லாம் எழுதிய கையில் இருந்தது. ஆகவே போலியும் கையெழுத்தில்தான் நிகழ்ந்தது.

இதற்கு அரபு எழுத்துக்கலை வரலாற்றில் சுவையான ஒரு கதையுண்டு. அப்பாஸிய அமைச்சராக இருந்தவரும் அரபு எழுத்துகளுக்கு அளவுமுறை வகுத்தவருமான இப்னு முக்லா 940இல் இறந்தார். அவருக்குச் சில தலைமுறைகள் பின்வந்த இப்னுல் பவ்வாப், புவைஹி மன்னர் பஹாஉத் தௌலாவின் ஷீராஸ் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே இப்னு முக்லாவின் கையால் எழுதப்பட்ட குர்ஆன் ஜுஸ்உகளில் இருபத்தொன்பது கிடைத்தன. ஒன்று மட்டும் இல்லை. குறைந்ததைத் தாமே எழுதி வைப்பதாகவும், எது புதியது என்று மன்னரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தமக்கு ஓர் அங்கியும் நூறு தீனாரும் தரவேண்டும் என்றும் இப்னுல் பவ்வாப் நிபந்தனை வைத்தார். பழைய தாள்களைத் தேடியெடுத்து எழுதினார். பொன்பூச்சுக்குப் பழமை ஏற்றினார். வேறொரு ஜுஸ்உவின் பழைய மட்டையைக் கழற்றித் தாம் எழுதியதற்கு இட்டுக் கட்டினார். ஓராண்டு கழித்து மன்னர் முப்பதையும் புரட்டிப் பார்த்தும் புதியதை இனங்காண முடியவில்லை. யாகூத் அல்ஹமவி எழுதிவைத்த செய்தி இது. அங்கிக்கும் பணத்துக்கும் பதிலாக நூலகத்தில் எழுதப்படாமல் கிடந்த சீனத் தாள்களை அவர் கேட்டுப் பெற்றுக்கொண்டார் என்றும் அதே செய்தி கூறுகிறது. இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்னுல் பவ்வாப் தாம் செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார். தமது கையை இன்னொருவரின் கையென்று சொல்லி அவர் விற்கவில்லை. நகலுக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாடு அவ்வளவுதான். பிறகு வந்த ஆயிரம் ஆண்டுகளில் அந்த வேறுபாட்டை மறைப்பதற்கே ஒரு பெருந்தொழில் வளர்ந்துவிட்டது.

கருவியிலேயே புதுமை வேண்டியவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 953 முதல் 975 வரை ஆண்ட ஃபாத்திமி கலீபா அல்முயிஸ், மைக்கூட்டில் தோய்க்கத் தேவையில்லாத, தலைகீழாகப் பிடித்தாலும் மை சிந்தாத ஒரு பேனாவைக் கேட்டார் என்றும், கைவினைஞர் ஒருவர் சில நாட்களிலேயே அதைப் பொன்னால் செய்துகொடுத்தார் என்றும் காழி நுஃமான் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேனா எஞ்சவில்லை. அதன் உள்ளமைப்பும் தெரியவில்லை. அரசவைக்குள்ளேயே பிறந்து அங்கேயே மறைந்த பொருளாகையால், அதைப் பார்த்துச் செய்து சந்தையில் விற்கவும் எவருக்கும் வாய்க்கவில்லை. போலி தோன்றுவதற்குச் சந்தை வேண்டும். சந்தையில் ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் அமெரிக்காவில் கிடைத்தது. நியூயோர்க்கில் காப்புறுதி முகவராக இருந்த லூயிஸ் எட்சன் வோட்டர்மன் 1884 பெப்ரவரியில் தமது மைப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வாடிக்கையாளரின் பேனா மை கக்கியதால் தொழில் கைநழுவிப்போக, அந்த ஆத்திரத்தில் வோட்டர்மன் புதுப்பேனா செய்தார் என்ற கதை இன்றும் பல நூல்களில் வருகிறது. அது பிற்கால விளம்பரக்காரர் கட்டிய கதை. அவர் உண்மையில் செய்தது மிக எளிமையான ஒரு காரியம். மை கீழே இறங்க வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏற வேண்டும். முள்ளுக்கு அடியில் இருக்கும் கட்டையில் நுண்ணிய கீறல்களை வெட்டி, மையும் காற்றும் ஒன்றையொன்று மறிக்காமல் போய்வர அவர் வழிசெய்தார். மைப்பேனா நம்பத்தக்க பொருளாக மாறியது அப்போதுதான்.

நம்பிக்கை வந்ததும் பெயருக்கு விலை வந்தது. விலை வந்ததும் அதே பெயருள்ள இன்னொருவர் வந்தார். ஆர்தர் ஏ. வோட்டர்மன் என்பவரின் பெயரைப் பொறித்த பேனாக்களை மொடர்ன் பென் கொம்பனி விற்கத் தொடங்கியது. அவர் பெயர் பொய்யன்று. அவர் உண்மையாகவே வோட்டர்மன்தான். ஆனால் கடையில் பேனா வாங்குகிறவர் முதலெழுத்துகளையா பார்க்கிறார்? வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1914இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, ஆர்தர் ஏ. வோட்டர்மன் என்று பெயரை முழுமையாகப் பொறிக்க வேண்டும் என்றும், எல். ஈ. வோட்டர்மன் கொம்பனியோடு தொடர்பில்லை என்ற சொற்களையும் உடன் சேர்க்க வேண்டும் என்றும் கட்டளையிட்ட கீழ் நீதிமன்ற முடிவை உறுதிசெய்தது. இன்று பழம்பேனா சேர்ப்போரிடம் அந்தப் பேனாக்கள் இருக்கின்றன. தான் இன்னாருடையதன்று என்பதைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு திரியும் பேனா! எழுதுகோலின் உடலில் இருக்கும் பொறிப்பு நீதிமன்றத்துக்குரிய சாட்சியாக மாறியதை இந்த வழக்கு காட்டுகிறது.

இதன் பின்னர் பேனாவின் வரலாறு பெரிதும் பெயர்களின் வரலாறாகவே ஓடுகிறது. 1921இல் பார்க்கர் கொம்பனி டியோஃபோல்ட் என்ற செம்மஞ்சள் நிறப் பருத்த பேனாவை 7 டொலருக்கு விற்றது. மற்றப் பேனாக்களோடு ஒப்பிட்டால் அது பெருந்தொகை. சில ஆண்டுகளுக்குள் அதே நிறத்தில், இரு முனைகளிலும் அதே கறுப்போடு மலிவுப் பேனாக்கள் கடைகளை நிறைத்தன. 1945 மே மாதம் ரைம்ஸ் நகரில் ஜேர்மனி சரணடைந்தபோது ஐசன்ஹோவர் இரு பார்க்கர் 51 பேனாக்களைக் கையில் தூக்கி வெற்றிக் குறி காட்டினார். அதே ஆண்டு செப்டெம்பரில் மிசூரி போர்க்கப்பலில் ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட மக்ஆதர் கையாண்ட பேனாக்களுள் ஒன்று அவருடைய மனைவியின் செந்நிற டியோஃபோல்ட். இத்தகைய படங்களுக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

பார்க்கர் 51 பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். 1888இல் தொடங்கிய நிறுவனத்தின் ஐம்பத்தோராவது ஆண்டில் உருப்பெற்றதால் அதற்கு இந்த இலக்கம் வைத்தார்கள். சொல்லாக ஒரு பெயரிட்டால் நாட்டுக்கு நாடு மொழிபெயர்க்க வேண்டிவரும். இலக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. 1941இல் அது பரவலாக விற்பனைக்கு வந்தது. முள்ளின் பெரும்பகுதி உடலுக்குள் மறைந்திருக்கும். நுனி மட்டும் சிறு அலகுபோல் வெளியே தெரியும். உலகெங்கும் பார்த்துச் செய்யப்பட்ட பேனாக்களில் இதற்கு ஈடான இன்னொன்றைச் சொல்வது கடினம். சங்காயில் 1931இல் ஹுவாஃபு என்ற பெயரில் தோன்றிப் பின்னர் ஹீரோ ஆன தொழிற்சாலை, 1958இல் பார்க்கரை எட்டிப் பிடிப்போம் என்ற முழக்கத்தோடு இறங்கியது. அதன் ஹீரோ 100, பார்வைக்குப் பார்க்கர் 51இன் உடன்பிறப்பு. பின்னர் வந்த ஹீரோ 616 இன்னும் மலிவு. நம் நாட்டில் பாடசாலைச் சட்டைப் பைகளிலும் கச்சேரி மேசைகளிலும் ஹீரோவை அறியாத தலைமுறை அண்மைக்காலத்ததே.

ஹீரோவைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வடிவம் இரவல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் மூடியில் ஹீரோ என்றே பொறித்திருந்தார்கள். வாங்கியவனுக்குத் தான் பார்க்கர் வாங்கவில்லை என்பது தெரியும். விலையும் அதையே சொன்னது. இப்னுல் பவ்வாபின் பக்கத்தில் உட்காரவைக்க முடியாதென்றாலும், ஆர்தர் வோட்டர்மனின் பேனாவை விற்றவர்களைவிட நேர்மையானவர்கள் இவர்கள்.

இதற்கிடையில் பேனாவின் தேவையே ஆட்டங்கண்டுவிட்டது. ஹங்கேரியரான லஸ்லோ பீரோவின் குமிழ்முனைப் பேனாவைப் புவனோஸ் அயர்ஸில் பார்த்துவிட்டு வந்த மில்டன் ரெய்னோல்ட்ஸ் என்ற அமெரிக்க வியாபாரி, அதன் காப்புரிமையில் சிக்காத விதத்தில் வேறொன்றைச் செய்து, 1945 ஒக்டோபர் 29ஆம் திகதி நியூயோர்க்கின் கிம்பல்ஸ் அங்காடியில் 12.50 டொலருக்கு விற்றார். அந்த ஒரு நாளிலேயே ஏறத்தாழப் பத்தாயிரம் விற்றதாகக் கணக்கு. குமிழ்முனையின் முதல் அலையும் இரவல் சரக்குத்தான் என்பதை இங்கே போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம். 1950இல் பிரான்ஸில் பிக் வந்த பிறகு எழுதுவதற்கு மைப்பேனா கட்டாயமில்லை என்றாயிற்று.

எழுதத் தேவைப்படாத பேனா என்ன ஆகும்? ஒன்று மறையவேண்டும், அல்லது நகையாகவேண்டும். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து மொன்பிளாங் இரண்டாவது வழியை எடுத்தது. 1906இல் வேர்கொண்ட நிறுவனம் அது. வெண்ணட்சத்திர முத்திரை 1913இல் வந்தது; பனி போர்த்த மலையுச்சியைக் குறிப்பது அது என்பார்கள். ‘மைஸ்டர்ஷ்டுக்’, அதாவது தலைசிறந்த ஆக்கம் என்ற வரிசை 1924இல் தொடங்கியது. முள்ளில் காணும் 4810 என்ற எண் மொன்பிளாங் மலையின் உயரம், மீற்றரில். 1952இல் வந்த 149தான் இன்றைக்குப் பெரியோர் மேசைகளில் நாம் காண்கிற அந்தப் பருத்த கரும்பேனா. 1977இல் டன்ஹில் நிறுவனம் பெரும்பங்கை வாங்கிய பின்னர் மலிவு வகைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. பேனா கடிகாரத்தோடும் நகையோடும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் போய் அமர்ந்தது. இன்று புதிய 149 ஒன்றின் விலை ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். பிக் பேனாவைக் காட்டிலும் அது அத்தனை மடங்கு நன்றாக எழுதுவதில்லை. அந்த விலையில் கணிசமான பங்கு நட்சத்திரத்துக்குரியது.

எனவே போலி செய்பவனுக்கு வேலை எளிதாயிற்று. பேனாவைச் செய்யத் தேவையில்லை; நட்சத்திரத்தைச் செய்தாற் போதும்.

தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து மொன்பிளாங் பேனாக்களின் கிளிப் வளையத்தில் தனித்தனித் தொடர் இலக்கம் பொறிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து கிளிப்பின் உட்புறத்தில், கண்ணுக்குச் சட்டென்று படாத இடத்தில், ‘பிக்ஸ்’ என்ற சிறு சொல்லைப் பொறித்தார்கள். பார்க்கர் வேறு வழியில் சென்றது. 1980களின் பிற்பகுதியிலிருந்து மூடியின் ஓரத்தில் ஓர் எழுத்தும் சில கோடுகளும் இருக்கும். ‘குவாலிட்டி பென்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரின் பத்து எழுத்துகளும் சுழியம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களுக்கு ஈடு. எழுத்து ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சொல்லும். மூன்று கோடுகள் இருந்தால் ஆண்டின் முதற்காலாண்டு. காலாண்டுக்கு ஒன்றாகக் கோடு குறைந்து, கடைசியில் எழுத்து மட்டும் நிற்கும். அழகான ஏற்பாடு. ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்பி வரும் என்பதால், அந்த மாதிரி எந்தக் காலத்தில் தயாரிக்கப்பட்டது என்று தெரியாதவருக்கு இதனால் பயனில்லை.

இந்த அடையாளங்கள் யாவும் போலிக்கு எதிராக எழுந்த மதில்கள். மதில் எங்கே இருக்கிறது என்பதை வாங்குவோருக்கு அறிவித்தபோது, அதே அறிவிப்பு போலி செய்வோருக்கும் போய்ச்சேர்ந்தது. இன்று தொடர் இலக்கம் இல்லாத போலியைக் காண்பது அரிது. ‘பிக்ஸ்’ என்ற சொல்லும் இருக்கிறது, 4810உம் இருக்கிறது, உத்தரவாதச் சிறுநூலும் பெட்டியும் பட்டுத்துணியும் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 1970களில் ஹம்பேர்க்கில் செய்யப்பட்ட உண்மையான பழைய 149 ஒன்றில் தொடர் இலக்கமும் இராது, ‘பிக்ஸ்’ என்ற சொல்லும் இராது. இணையத்தில் படித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர் உண்மையைத் தள்ளிவிட்டுப் போலியை எடுத்துக்கொள்வார். முள்ளில் 18 கரட் இருக்கவேண்டும் என்ற விதியும் அப்படித்தான். பிற்காலத்து 149களுக்கு அது பொருந்தும். 1960களிலும் 70களிலும் வந்தவற்றில் 14 கரட் முள்ளும் உண்டு.

அடையாளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பேனாவைப் பார்க்கவேண்டும் என்பதே என் கருத்து. 149 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். அது வெறும் இலக்கமன்று. முதலில் வரும் ஒன்று தலைசிறந்த வரிசையைக் குறிக்கும். நடுவிலுள்ள நான்கு, பின்முனையைத் திருகினால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து மையை உறிஞ்சும் அமைப்பைக் குறிக்கும். ஒன்பது முள்ளின் அளவு. இந்த எண்முறை பிற்காலத்தில் எல்லா மாதிரிகளுக்கும் பொருந்தவில்லை. 145 மைக்குழாய் செருகும் பேனாதான். ஆனால் 149உம் 146உம் பிஸ்டன் பேனாக்கள். போலிகளில் பெரும்பாலானவற்றை நடுவில் திருகிக் கழற்றினால் உள்ளே கழற்றி மாட்டும் சிறு உறிஞ்சுகுழாய், கன்வேர்ட்டர், ஒன்று செருகியிருக்கும். உடலுக்குள் பிஸ்டன் அமைப்பதற்குச் செலவும் நுட்பமும் வேண்டும். நட்சத்திரத்துக்கு அவை வேண்டியதில்லை. 149 என்று சொல்லப்படும் பேனாவுக்குள் கன்வேர்ட்டர் இருந்தால் அதற்குமேல் வேறெதையும் சோதிக்கத் தேவையில்லை.

எடையும் அப்படியே. கனமாக இருந்தால் விலையுயர்ந்தது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். மொன்பிளாங்கின் கறுப்பு உடல் ரெசின் எனப்படும் ஒருவகைச் செயற்கைப் பொருள். பல போலிகளிலோ பித்தளைக் குழலுக்குக் கறுப்பு அரக்குப் பூசியிருப்பார்கள்; கையில் எடுத்தால் பாரமாக இருக்கும், வாங்கியவர் மகிழ்ந்துபோவார். பிற்காலத்து உண்மைப் பேனாவின் மூடியைப் பலத்த வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கறுப்புக்குள் ஒரு செம்மை மங்கலாகத் தெரியும். பித்தளையின் ஊடாக வெளிச்சம் வராது. நட்சத்திரத்தின் ஆறு முனைகளும் உருண்டு மழுங்கியிருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும். போலியில் முனைகள் கூர்மையாக இருப்பதும், வெள்ளை கரையில் கசிந்திருப்பதும் உண்டு. மூடி வளையத்தில் ‘மைஸ்டர்ஷ்டுக்’ என்ற ஜேர்மன் சொல்லிலுள்ள ஓர் எழுத்தின் மேல் இரு புள்ளிகள் இருக்கவேண்டும். அரபெழுத்தில் நுக்தா தவறினால் சொல் மாறுவதை அறிந்த நமக்கு அதைத் தேடிப்பார்ப்பது கடினமான காரியமன்று.

முள்ளைச் சோதிக்கக் காந்தம் ஒன்றை நெருக்கிப் பார்க்கும் பழக்கம் சேகரிப்போரிடம் உண்டு. தங்க முள்ளைக் காந்தம் இழுக்காது. இழுத்தால் அது உருக்கு. இழுக்காவிட்டால் மட்டும் தங்கமென்று முடிவு கட்டக்கூடாது. சிலவகைத் துருவேறா உருக்கும் காந்தத்துக்கு எளிதில் அசைவதில்லை. 585 என்றால் 14 கரட், 750 என்றால் 18 கரட். ஒரே முள்ளில் 18 என்றும் 585 என்றும் பொறித்த போலிகள் வருகின்றன. செய்தவனுக்கு அவற்றின் பொருள் தெரியாது. பார்த்ததைப் பொறித்திருக்கிறான்.

நான் இதுவரை சொன்னவை எல்லாவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. அவை கையில் எடுத்துப் பார்ப்பவருக்குரிய சோதனைகள். இணையத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பது படம். 1995இல் ஈபே தொடங்கியது. 2003இல் சீனாவில் தாவ்பாவ் வந்தது. அதற்குப் பின் கடைக்காரர், கண்ணாடிப் பெட்டி, எழுதிப் பார்க்கத் தரும் துண்டுக் கடதாசி ஆகிய மூன்றும் இல்லாமலே பேனா விற்கலாம் என்றாயிற்று. கழற்றிப் பார்க்கவும் பாரத்தை உணரவும் வெளிச்சத்தில் பிடிக்கவும் முடியாது. படத்தில் தெரிபவை நட்சத்திரம், பொறிப்பு, இலக்கம், பெட்டி. போலி செய்பவன் மிகக் கவனமெடுத்துச் செய்வதும் இவற்றைத்தான். போலிக்கு இதைவிட வசதியான சந்தை முன்னெப்போதும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஓர் அதிபர் ஓய்வுபெற்றார். வெளிநாடுகளிலிருந்த பழைய மாணவர்கள் பணம் சேர்த்து, இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வெண்ணட்சத்திரப் பேனா ஒன்றை எடுத்து அனுப்பினார்கள். பாராட்டு விழாவில் அது மேடையில் வைத்து வழங்கப்பட்டது. அவர் வீட்டுக்குப் போய் மை ஊற்ற முற்பட்டபோது பின்முனை திரும்பவில்லை. சில மாதங்களில் முள்ளின் மஞ்சள் பூச்சு உரிந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. மாணவர்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழாக்களுக்கு அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போவார். கையெழுத்திட உட்பையிலிருந்து பழைய ஜொட்டர் ஒன்றை எடுப்பார். பணத்தைத் தொலைத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். ஆனால் ஒவ்வொரு முறையும் மறைத்துக்கொண்டு திரிய வேண்டியவராக ஆசிரியர் ஆகிவிட்டார். போலிப் பொருளின் நட்டத்தைக் கணக்கிடுவோர் இதை எந்த நிரலில் எழுதுவார்களோ தெரியாது. பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புலமைச் சொத்து அலுவலகமும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலக வர்த்தகத்தில் கைமாறிய போலிச் சரக்கின் பெறுமதி 467 பில்லியன் டொலர். உலக இறக்குமதியில் 2.3 வீதம். அதிபரின் பேனா அந்தத் தொகையில் ஒரு தூசிகூட இல்லை.

படத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டியிருந்தால் விற்பவர் தானாகக் காட்டாத படத்தைக் கேட்கவேண்டும். உடலைத் திருகிப் பிஸ்டன் இறங்கிய நிலையில் ஒரு படம். முள்ளின் அடிக்கட்டை தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம். வெளிச்சத்துக்கு எதிரே மூடி. அன்றைய திகதி எழுதிய தாளின் மேல் வைத்த பேனா. உண்மைப் பேனா வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. நிறுவனத்தின் விளம்பரப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்புபவரிடம் பேனா இல்லை, அல்லது காட்டக்கூடிய பேனா இல்லை. ஒரே தொடர் இலக்கம் இரு வேறு விற்பனையாளரின் படங்களில் வந்தால் இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதான். அச்சு ஒன்றை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் அதே இலக்கத்தைக் குத்தித் தள்ளுவது இத்தொழிலில் வழக்கம். பெட்டிக்கும் சான்றிதழுக்கும் மதிப்பளிக்கத் தேவையில்லை. அவை தனியாகவே விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர்களின் பாராட்டுரைகளும் அப்படியே. விரைவாக வந்தது, நன்றாகப் பொதிசெய்திருந்தது என்று எழுதுபவர் முள்ளைப் பற்றிப் பேசுவதில்லை. விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயிரம் டொலர்ப் பேனா எண்பது டொலருக்கு வருவது ஏன் என்று கேட்பவர்களுக்கு நம்மூர்க் கடைகளில் ‘ஒரிஜினல் கொப்பி’ என்ற அற்புதமான சொல் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

விலை மலிந்த பேனாவுக்குப் போலி இராது என்றும் எண்ணிவிடக்கூடாது. 1980இல் ஜேர்மனியில் வந்த லாமி சஃபாரி மாணவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதற்கும் ஏராளமான போலிகள் இருக்கின்றன. அதில் ஏமாறுபவர் சேகரிப்பாளர் அல்லர். முதன்முதலாக நல்ல பேனா ஒன்றை வாங்கும் மாணவர்.

இணையத்தில் நடப்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் வந்தது. நகை நிறுவனமான டிஃபனி, ஈபேக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், போலிகள் விற்பனையாகின்றன என்ற பொதுவான அறிவு மட்டும் சந்தை நடத்துபவரைப் பொறுப்பாளி ஆக்காது, குறிப்பிட்ட விற்பனை எது என்று அவர் அறிந்திருக்க வேண்டும் என 2010இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பேனாவோடு நேரடியாகத் தொடர்புடையது இங்கிலாந்து வழக்கு. கார்ட்டியர், மொன்பிளாங் ஆகியவற்றையும் உள்ளடக்கிய ரிஷ்மொன்ட் குழுமம், போலி விற்கும் இணையத்தளங்களைத் தம் வாடிக்கையாளர் அடையாதபடி தடுக்குமாறு நாட்டின் ஐந்து பெரிய இணையச் சேவை நிறுவனங்களைக் கேட்டது. அந்தத் தளங்களுள் மொன்பிளாங் பேனா விற்பதாகச் சொல்லிக்கொண்ட தளமும் இருந்தது. 2014 ஒக்டோபரில் நீதிபதி ஆர்னல்ட் தடுப்பாணை வழங்கினார். 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. தடுப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பது மட்டும் எஞ்சியது. 2018 ஜூனில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், தடை கேட்ட முத்திரைச் சொந்தக்காரரே அதை ஏற்கவேண்டும் என்று தீர்த்தது. நூறாண்டுக்கு முன் வோட்டர்மன் வழக்கில் எதிரியின் பேனாவிலேயே இரு சொற்களைப் பொறிக்கச் செய்ய முடிந்தது. இங்கே எதிரி எவரென்றே தெரியாமல், அவர் கடைக்குப் போகும் தெருவை மறிக்க வேண்டியதாயிற்று.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் போலி முத்திரையைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. வேறொரு நாட்டிலிருந்து சிறு பொதியாகத் தபாலில் வரும் ஒரு பேனாவை அனுப்பியவரிடம் அந்தச் சட்டம் போய்ச் சேர்வது எவ்வாறு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஹீரோவின் கதையில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். பார்க்கர் 51இன் வடிவத்தை இரவல் வாங்கிப் பிறந்த ஹீரோ 616 இன்றும் இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. ஓரிரு டொலருக்குக் கிடைக்கும். பலர் ஐந்து, பத்தாக வாங்குவார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்த பேனாப் பிரியர்கள், சிலவற்றின் மூடியில் பொறிப்பு வேறுபடுவதையும், உட்குழல் வேறாக இருப்பதையும், முள் தாளைக் கீறுவதையும் கண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவை சங்காய்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அல்ல. ஹீரோ 616க்கே போலி வந்திருந்தது.